கல்விக்கு ஒதுக்கும் பணம் எந்தக் குழந்தையிடம் போய்ச் சேருகிறது?

வளரும் நாடு ஒன்றில் அரசு கல்விக்குச் செலவிடும் பணம் திறம்படச் செலவாகிறதா, நியாயமாகப் பங்கிடப்படுகிறதா, இரண்டையும் ஒருசேர அடைய முடியுமா என்பது கேள்வி. ஒன்றை நாடினால் மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்ற எண்ணம் இந்தக் கேள்விக்குள்ளேயே பாதி ஒளிந்திருக்கிறது. கல்விச் செலவைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் தவறான எண்ணம் என்பேன். வீணாகும் பணத்தில் பெரும்பகுதி ஏழைக் குழந்தையின் பங்கிலிருந்துதான் வீணாகிறது. ஆகவே வீணடிப்பைத் தடுப்பதும் அநீதியைக் குறைப்பதும் பல இடங்களில் ஒரே வேலை. இரண்டும் உண்மையிலேயே மோதிக்கொள்ளும் இடமும் ஒன்று இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் தொகை. 2015ஆம் ஆண்டில் உலகக் கல்வி மாநாடு வெளியிட்ட இஞ்சியோன் பிரகடனம், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 4 முதல் 6 சதவீதத்தையோ, அரசின் மொத்தச் செலவில் குறைந்தது 15 முதல் 20 சதவீதத்தையோ, இரண்டையுமோ கல்விக்கு ஒதுக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இலக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் ஒரு குழந்தைக்கு எவ்வளவு வருகிறது என்பதைச் சதவீதம் சொல்லாது. மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேர் சிறுவர்களாக இருக்கும் ஏழை நாடு 5 சதவீதம் ஒதுக்கினாலும் தலைக்குக் கிடைப்பது சொற்பம்தான். முதியோர் மிகுந்த செல்வ நாட்டில் அதே 5 சதவீதம் பெருந்தொகை. பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வின் 2012ஆம் ஆண்டு முடிவுகளை ஆராய்ந்தபோது, ஆறு வயது முதல் பதினைந்து வயது வரை ஒரு மாணவருக்கு ஆகும் மொத்தச் செலவு சுமார் 50,000 டாலரை எட்டும்வரை, அதிகம் செலவிடும் நாடுகள் அதிக மதிப்பெண் பெற்றிருந்தன. அதற்கு மேல் அந்தத் தொடர்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. வளரும் நாடுகளில் பெரும்பாலானவை அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கின்றன. செல்வ நாட்டு ஆய்வுகளைக் காட்டி, பணம் ஒரு பிரச்சினையே இல்லை, நிர்வாகம்தான் பிரச்சினை என்று பேசுபவர்களை அப்படியே நம்ப வேண்டாம்.

பணத்தைக் கொட்டினால் கல்வி தானாக வந்துவிடும் என்பதும் இல்லை. இந்தோனேசியா தன் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தி, பட்ஜெட்டில் 20 சதவீதம் கல்விக்கு என்று எழுதிவைத்த நாடு. 2005ஆம் ஆண்டின் ஆசிரியர் சட்டப்படி, தகுதிச் சான்று பெற்ற ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பானது. சில பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு மட்டும் அந்தச் சான்று முன்கூட்டியே கிடைக்கும்படி செய்து, 360 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது. பணக் கஷ்டம் குறைந்தது, இரண்டாவது வேலை பார்ப்பதும் குறைந்தது. மாணவர்களின் கற்றலில் மட்டும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் எந்த வேறுபாடும் தென்படவில்லை.

இதை எடுத்துக்காட்டி ஆசிரியர் சம்பளத்துக்கே எதிராக வாதிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல சம்பளம் இருபது ஆண்டுகளில் திறமையான இளைஞர்களை இந்தத் தொழிலுக்கு ஈர்க்கக்கூடும். மூன்றாண்டு ஆய்வு அதை அளக்க முடியாது. என் குறை வேறு. பணியில் இருப்போருக்கு ஏறத்தாழ ஒரே அளவில் உயர்த்தியபோது, அந்தப் பெரும்பணத்தைக் கொண்டு யாரை எங்கே போகச் சொல்லலாம், எந்த வகுப்பை எடுக்கச் சொல்லலாம் என்ற பேரம் பேசும் வாய்ப்பு அரசின் கையை விட்டுப் போய்விட்டது. அப்படி ஒரு வாய்ப்பு ஒரு நாட்டுக்கு ஒரு தலைமுறையில் ஒருமுறை வந்தாலே பெரிது.

இதே இந்தோனேசியா 1970களில் எண்ணெய் வருவாயைக் கொண்டு வேறொரு காரியம் செய்தது. 1973-74 முதல் 1978-79 வரை 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளைக் கட்டியது. பள்ளியில் சேராத குழந்தைகள் எங்கே அதிகமோ அங்கே அதிகப் பள்ளிகள் என்பதுதான் ஒதுக்கீட்டு விதி. அந்தத் தலைமுறை வளர்ந்து வேலைக்குப் போன பிறகு ஆராய்ந்தபோது, பள்ளிகள் அதிகமாக எழுந்த பகுதிகளில் படித்த ஆண்டுகளும் கூடியிருந்தன, ஊதியமும் கூடியிருந்தது. நியாயத்துக்காக வகுத்த விதி திறமையான முதலீடாகவும் அமைந்தது. ஒரே நாட்டின் இந்த இரண்டு அனுபவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எவ்வளவு பணம் என்பதைவிட எந்த விதிப்படி அது நகர்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று விளங்கும்.

கல்விப் பட்ஜெட்டை நகர்த்தும் விதி எங்கே இருக்கிறது? நிதிநிலை அறிக்கையில் தேடாதீர்கள். பல வளரும் நாடுகளில் பள்ளிக் கல்வியின் நடைமுறைச் செலவில் ஐந்தில் நான்கு பங்கு அல்லது அதற்கும் மேல் சம்பளமாகவே போகிறது. எனவே ஆசிரியர் எந்தப் பள்ளியில் இருக்கிறாரோ அங்கேதான் பணம் இருக்கிறது. பணியிட ஆணைகளே உண்மையான பட்ஜெட். பணிமூப்பு ஏற ஏற ஆசிரியர்கள் நகரத்துக்கும் சாலையோரப் பள்ளிகளுக்கும் மாறுதல் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள், அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் சம்பளமும் பணிமூப்போடு ஏறுவதால், நாற்பது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம் இரண்டு பள்ளிகளிலும் ஒன்றாகவே இருந்தாலும், நகரத்துப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கான செலவு மலைக்கிராமப் பள்ளியைவிடக் கணிசமாக அதிகமாக இருக்கும். அறிக்கையில் அச்சாகும் சராசரி இதைக் காட்டாது.

பள்ளிக்குள்ளேயும் இதே சாய்வு உண்டு. மலாவி 1994இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. குழந்தைகள் வெள்ளமாக வந்தார்கள். முதல் வகுப்பில் ஓர் ஆசிரியர் முன் நூறு பேருக்கு மேல் உட்கார, மேல்வகுப்புகளில் மாணவர் எண்ணிக்கை அதில் ஒரு சிறுபகுதியாக இருந்தது. அனுபவம் மிக்க ஆசிரியர்கள் தேர்வு வகுப்புகளுக்குப் போனார்கள். முதல் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளாத குழந்தை இரண்டாம் முறை அதே வகுப்பில் உட்காரும், பிறகு நின்றுவிடும். ஒரே வகுப்பை இரண்டு முறை படிக்கவைப்பதற்கு அரசு இரண்டு முறை பணம் கொடுக்கிறது. கல்விச் செலவில் இதைவிடப் பெரிய வீண்செலவு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எந்தத் தணிக்கை அறிக்கையும் இதை முறைகேடு என்று குறிப்பதில்லை.

இனி நியாயம் எப்படி அளக்கப்படுகிறது என்று பார்ப்போம். வழக்கமான முறை எளிது. தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி, உயர்கல்வி ஒவ்வொன்றிலும் மாணவர் ஒருவருக்கு அரசு எவ்வளவு செலவிடுகிறது என்று கணக்கிடுவார்கள். குடும்பக் கணக்கெடுப்பிலிருந்து, எந்த வருமானப் பிரிவின் பிள்ளைகள் எந்த நிலையில் படிக்கிறார்கள் என்று எடுப்பார்கள். இரண்டையும் பெருக்கினால் ஒவ்வொரு பிரிவுக்கும் கிடைக்கும் பங்கு தெரிந்துவிடும். யுனிசெஃப் 2023 தொடக்கத்தில் வெளியிட்ட, 102 நாடுகளை அடக்கிய அறிக்கை இந்த வகையைச் சேர்ந்தது. அதன்படி, மாணவர்களில் மிக ஏழைகளான ஐந்தில் ஒரு பங்கினருக்குப் பொதுக் கல்விப் பணத்தில் சராசரியாக 16 சதவீதமும், மிகச் செல்வர்களான ஐந்தில் ஒரு பங்கினருக்கு 28 சதவீதமும் போகின்றன. குறைந்த வருமான நாடுகளை மட்டும் எடுத்தால் 11 சதவீதமும் 42 சதவீதமும். ஏழை நாட்டில்தான் இடைவெளி மிக அகலம். காரணம் எளிது. ஏழைப் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியோடு நின்றுவிடுகிறார்கள். தலைக்கு மிக அதிகமாகச் செலவாகும் பல்கலைக்கழகத்துக்கு வசதி படைத்தவர்களின் பிள்ளைகளே போய்ச் சேருகிறார்கள்.

இந்த அளவுகோலுக்கு இரண்டு குறைகள் உண்டு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதுதான் வேடிக்கை. ஒன்று, இது செலவையே பலனாக எடுத்துக்கொள்கிறது. பள்ளிக்கே வராத ஆசிரியரின் சம்பளமும் அந்தப் பள்ளியின் ஏழைக் குழந்தை பெற்ற நன்மையாகக் கணக்கில் ஏறிவிடும். 2002-03இல் வங்கதேசம், ஈக்வடார், இந்தியா, இந்தோனேசியா, பெரு, உகாண்டா ஆகிய நாடுகளின் தொடக்கப்பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்தபோது, சராசரியாக 19 சதவீத ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை. இந்தியாவில் 25, உகாண்டாவில் 27 சதவீதம். ஏழ்மை மிகுந்த பகுதிகளில் நிலைமை இன்னும் மோசம். (எல்லாரும் வேலைக்கு மட்டம் போட்டவர்கள் என்று பொருளல்ல. முறையான விடுப்பு, கூட்டம், அரசு ஒப்படைக்கும் கற்பித்தல் அல்லாத பணி எல்லாம் இதில் அடக்கம். வகுப்பறையில் இருக்கும் குழந்தைக்குக் காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான்.) ஆகவே ஏழைகளின் பங்கு காகிதத்தில் இருப்பதைவிட உண்மையில் குறைவு.

இரண்டாவது குறை நுட்பமானது. அளக்கப்படுவது இன்றைய சராசரிப் பங்கு. நாளை ஒரு கோடி கூடுதலாகச் செலவிட்டால் அது யாருக்குப் போகும் என்பது வேறு கணக்கு. எந்தத் திட்டத்திலும் வசதியானவர்கள் முதலில் உள்ளே நுழைகிறார்கள், ஏழைகள் கடைசியில் வருகிறார்கள். இடைநிலைக் கல்வியில் இன்று செல்வர்களின் பங்கு அதிகம் என்பதைக் காட்டி அதற்கான ஒதுக்கீட்டைக் குறைத்தால், முதலில் வெளியே தள்ளப்படுவது கடைசியில் நுழைந்தவர்களே. விரிவாக்கினால் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் ஏழைகளாக இருப்பார்கள். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், செல்வர்களுக்குப் போகிறது, எனவே வெட்டுங்கள் என்று தரப்படும் அறிவுரை நியாயத்தின் பெயரால் அநியாயம் செய்துவிடும்.

கசிவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமை பெறாது. உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை, மாணவர் தலைக்கு இவ்வளவு என்று நடுவண் அரசு பள்ளிகளுக்கு அனுப்பிய சம்பளமல்லாத மானியத்தில் சராசரியாக 13 சதவீதம் மட்டுமே பள்ளிகளை அடைந்தது. பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒன்றுமே வரவில்லை. மீதியை இடையிலிருந்த மாவட்ட நிர்வாகங்கள் வேறு காரியங்களுக்குத் திருப்பிக்கொண்டன. 250 பள்ளிகளின் கணக்குகளை நேரில் ஒப்பிட்டுக் கண்டுபிடித்த உண்மை இது. பிறகு, எந்த மாவட்டத்துக்கு எந்த மாதம் எவ்வளவு அனுப்பினோம் என்பதை அரசு பத்திரிகைகளில் வெளியிட ஆரம்பித்தது. 2001 வாக்கில் பள்ளிகளை அடைந்த பங்கு 80 சதவீதத்தைத் தாண்டியது. இதற்குப் பத்திரிகை விளம்பரம் ஒன்றே காரணமல்ல. அதே காலத்தில் மானிய நிர்வாகத்தில் வேறு மாற்றங்களும் நடந்தன.

உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் இந்த ஆய்வில் பலர் தாண்டிச் செல்லும் ஒரு செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கசிவு எல்லாப் பள்ளிகளையும் சமமாகத் தாக்கவில்லை. ஓரளவு வசதியான ஊர்களின் பள்ளிகள் தங்கள் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டன. கேட்கத் தெரியாத, கேட்க ஆளில்லாத பள்ளிகளுக்கே வெறுங்கை. தலைக்கு இவ்வளவு என்று சமமாக எழுதப்பட்ட மானியம், இடையில் நடந்த பேரத்தில் வசதியானவர்களுக்குச் சாதகமான மானியமாக உருமாறிவிட்டது. திறமையின்மை இப்படித்தான் அநீதியாக மாறுகிறது.

பொருள் போய்ச் சேர்ந்தாலும் பலன் சேர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். 1990களில் கென்யாவின் கிராமப் பள்ளிகளுக்கு இலவசப் பாடநூல்கள் கொடுத்துச் சோதித்தபோது, சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே வகுப்பில் முன்னணியில் இருந்த மாணவர்கள் மட்டுமே பயனடைந்தார்கள். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பல குழந்தைகளுக்கு அது மூன்றாவது மொழி. வகுப்பின் நடுவில் இருந்த குழந்தைக்கே அதைப் படிக்க முடியவில்லை. பாடத்திட்டமே முன்னணி மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தால், அதன் வழியே போகும் ஒவ்வொரு ரூபாயும் அவர்களிடமே போய்ச் சேரும். 2019இல் உலக வங்கி, குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளின் பத்து வயதுக் குழந்தைகளில் 53 சதவீதத்தினருக்கு ஓர் எளிய கதையைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று மதிப்பிட்டது. பெருந்தொற்றுக்குப் பின் அது 70 சதவீதத்தை எட்டியிருக்கும் என்று 2022இல் கணித்தது. மறுபுறம், குழந்தைகளை வயதையும் வகுப்பையும் பார்க்காமல் அவர்களுக்கு இப்போது தெரிந்த நிலையைப் பார்த்துப் பிரித்து, நாளில் சிறிது நேரம் எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் முறையை இந்தியாவின் பிரதம் என்ற தொண்டு அமைப்பு வளர்த்தெடுத்தது. திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டதில் அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவாகவும், பின்தங்கியவர்களுக்குக் கிடைத்த பலன் பெரிதாகவும் இருந்தன.

உயர்கல்விக் கட்டணம் பற்றி எல்லாரும் சண்டை போடுகிறார்கள். நான் அதில் அதிக நேரம் செலவிட மாட்டேன். வசதியானவர்களின் பிள்ளைகளுக்கு அரசு பட்டப்படிப்பை இலவசமாகத் தருவது அநியாயம் என்ற வாதம் காகிதத்தில் சரி. படித்துச் சம்பாதித்தபின் வருமானத்துக்கேற்பத் திருப்பிச் செலுத்தும் கடன் முறையை ஆஸ்திரேலியா 1989இல் கொண்டுவந்தது. ஆனால் அது வருமான வரித் துறையின் வலிமையில் நிற்கும் முறை. உழைப்பாளர்களில் பெரும்பாலோர் வரிக் கணக்குக்கு வெளியே இருக்கும் நாட்டில் அதை நகலெடுத்தால் வசூலும் ஆகாது, ஏழை மாணவர் கடனுக்கு அஞ்சி விலகவும் செய்வார். பல்கலைக்கழகத்திலிருந்து பிடுங்குவதைவிட, இனி வரும் புதிய பணத்தில் முதல் உரிமை தொடக்க வகுப்புகளுக்கு என்று வைப்பது நடைமுறையில் எளிது, எதிர்ப்பும் குறைவு.

விதியை மாற்றி எழுதிய நாடுகளில் பிரேசிலைக் குறிப்பிட வேண்டும். அங்கே தொடக்கக் கல்வி மாநிலங்களும் நகராட்சிகளும் பகிர்ந்துகொள்ளும் பொறுப்பு. வருவாய் மிகுந்த நகராட்சியின் குழந்தைக்கு நல்ல பள்ளி, இல்லாதவற்றின் குழந்தைக்கு ஓட்டைக் கூரை. 1996இல் சட்டமாகி 1998இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஃபுந்தெஃப் என்ற நிதி, மாநில, நகராட்சி வருவாய்களின் குறிப்பிட்ட பகுதியை ஒன்றாகத் திரட்டி, சேர்ந்திருக்கும் மாணவர் எண்ணிக்கைப்படி திருப்பிக் கொடுத்தது. மிக ஏழை மாநிலங்களுக்கு நடுவண் அரசு ஈடுகட்டியது. சியாரா மாநிலம் இன்னொரு படி மேலே போனது. நகராட்சிகளுக்குத் தான் பகிர்ந்தளிக்கும் வரிப்பங்கில் 18 சதவீதத்தைக் கல்வி விளைவுகளோடு, குறிப்பாகத் தொடக்க வகுப்புகளின் கற்றலோடு இணைக்கும் சட்டத்தை 2007இல் இயற்றியது. மேயர்களுக்கு இரண்டாம் வகுப்பு திடீரென்று முக்கியமாகிவிட்டது. பணத்தை மட்டும் காட்டி விரட்டாமல், பின்தங்கிய நகராட்சிகளுக்குப் பயிற்சியும் பாடப்பொருளும் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிலியோ 2008இல், ஏழை மாணவருக்கு மற்றவரைவிட ஏறத்தாழப் பாதி கூடுதலான மானியம் என்று விதித்தது. ஏழைக் குழந்தைக்குக் கற்பிக்கக் கூடுதல் செலவாகும் என்ற உண்மையைச் சூத்திரத்துக்குள்ளேயே எழுதிவைத்தது அது.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். தலைக்கு இவ்வளவு என்ற சூத்திரம் சிறிய பள்ளிகளைக் கொன்றுவிடும். பதினைந்து குழந்தைகள் மட்டுமே உள்ள மலைக்கிராமத்தில் பள்ளி நடத்தினால் தலைக்கான செலவு நகரத்தைவிடப் பல மடங்கு. மூடிவிட்டு அடுத்த ஊர்ப் பள்ளியோடு இணைத்தால் பணம் மிச்சம், நல்ல ஆசிரியரும் கிடைப்பார் என்று நிதித்துறை சொல்லும். அந்தக் கணக்கு முழுப் பொய்யல்ல. ஓராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகள் ஒரே அறையில் படிப்பதன் குறைகளை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபடுகிறது. ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் 2007இல் சில ஊர்களுக்கு ஊருக்குள்ளேயே பள்ளி கொடுத்து, மற்ற ஊர்களோடு ஒப்பிட்டார்கள். பள்ளி வந்த ஊர்களில் சேர்க்கை 42 சதவீதப் புள்ளி உயர்ந்தது. பெண் குழந்தைகளின் சேர்க்கை ஆண் குழந்தைகளைவிட இன்னும் அதிகமாக உயர்ந்தது. தூரம் கூடக்கூட முதலில் நிற்பது பெண் குழந்தை. பள்ளிகளை இணைத்தபின் மாணவர் ஒருவருக்கான செலவு குறைந்ததாகக் காட்டும் அறிக்கை, படிப்பை விட்டவர்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவர்களுக்கு அரசு செலவழிக்கும் தொகை பூஜ்யம், சராசரியும் அதனால் அழகாக இருக்கிறது. இணைப்பை நான் முழுவதும் எதிர்க்கவில்லை. பாதுகாப்பான இலவச வாகனமும், அதற்கான தொடர் செலவும், இணைப்புக்குப் பின் எத்தனை பேர் வகுப்பில் மிஞ்சினார்கள் என்ற பெயர்வாரிக் கணக்கும் இல்லாத இணைப்பை எதிர்க்கிறேன். இவை எல்லாவற்றையும் சேர்த்த பிறகும் சில ஊர்களில் சிறிய பள்ளியின் விலையே அதிகமாக இருக்கும். அங்கே அந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். வியட்நாம் மலைப்பகுதி மாகாணங்களுக்குத் தலைவீதம் அதிகமாக ஒதுக்குவது இந்தப் புரிதலில்தான்.

உங்கள் நாட்டின் நிலையை நீங்களே சோதிக்க விரும்பினால், பட்ஜெட் நாளன்று தலைப்புச் செய்தியாகும் ஒதுக்கீட்டை ஒதுக்கிவிட்டு, காலந்தாழ்த்தி வரும் இறுதிக் கணக்கை எடுங்கள். ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது, செலவில் சம்பளம் போக என்ன மிஞ்சியது என்று பாருங்கள். அரசு கொடுக்காததைக் குடும்பங்கள் கொடுக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறைந்த மற்றும் கீழ்நடுத்தர வருமான நாடுகளில் மொத்தக் கல்விச் செலவில் சுமார் 39 சதவீதம் குடும்பங்களின் பையிலிருந்து வருவதாக யுனெஸ்கோவின் மதிப்பீடு, உலகச் சராசரியோ 30 சதவீதம். பள்ளிவாரியான செலவுக் கணக்கு பல நாடுகளில் வெளியாவதில்லை. அப்படியானால் ஆசிரியர் பணியிட மாறுதல் ஆணைகளையும் நிரப்பப்படாத பணியிடங்களின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் ஒரு மாவட்ட வரைபடத்தில் குறித்தால், பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது ஒரு மாலைப்பொழுதில் தெரிந்துவிடும்.